எதிர்வீட்டில் முதல் பந்தி

விசாலாட்சிக்கு இரண்டு பேருக்குச் சமைக்க வராது. அவளே ஒப்புக்கொள்வாள். அரிசி டப்பாவில் கைவிட்டால் பத்துப் பேருக்குத்தான் அள்ள வரும், அது கையின் குணம். ராணிப்பேட்டையில் அவள் அப்பா லாரி பாடி கட்டும் பட்டறை வைத்திருந்தார். பட்டறை ஆட்கள், லாரிக்காரர்கள், அந்த லாரியில் தொற்றிக்கொண்டு வந்தவர்கள் என்று எல்லாருக்கும் மதியச் சாப்பாடு வீட்டில்தான். மூத்த பெண்ணாகப் பிறந்தவள் வேறு என்ன அளவைக் கற்றுக்கொள்வாள்?

அப்படிப்பட்டவளைக் கொண்டுவந்து, சிங்கப்பூரில், குவீன்ஸ்டவுனில், ஒரே ஒரு அறையில் குடிவைத்தான் பிரபாகர். அவனையும் குறை சொல்ல முடியாது. சிப் தொழிற்சாலையில் இன்ஜினியர் வேலை, இரண்டு வருட ஒப்பந்தம், முதல் வருடம் தனியாக ஓட்டிவிட்டு, கல்யாணமானதும் அவளை அழைத்துக்கொண்டான். அப்போது கையில் இருந்தது அந்த அறைதான். வாடகை விளம்பரத்திலேயே 'லைட் குக்கிங் ஒன்லி' என்று போட்டிருந்தது. வெந்நீர் வைக்கலாம், நூடுல்ஸ் போடலாம், முட்டை அவிக்கலாம். தாளிப்பது, வறுப்பது, மசாலா அரைத்துக் கொதிக்க விடுவது எதுவும் கூடாது. ஒரு நாள் ஆசை தாங்காமல் கடுகும் மிளகாயும் கிள்ளிப்போட்டு ரசம் தாளித்தாள். வீட்டுக்கார அம்மாள் இருமிக்கொண்டே வந்து எல்லா ஜன்னலையும் திறந்துவிட்டார். திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட விசாலாட்சிக்கு மனசு ஆறியிருக்கும்.

டிசம்பரில் பிரபாகர் அலுவலகத்தில், மார்ச்சோடு முடியும் ஒப்பந்தத்தை இன்னும் இரண்டு வருடம் நீட்டிக்கிறாயா என்று கேட்டார்கள். பொங்கல் கழித்து வருகிற திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும். அவனுக்கு ஆசைதான். ஆனால் அவள் முகத்தைப் பார்த்து அவனால் கேட்க முடியவில்லை. கடைசியில் அவளே பேச்சை எடுத்தாள்.

"ஏங்க, எனக்கு இந்த ஊர்ல ஒரு குறையும் இல்ல. பஸ் நேரத்துக்கு வருது, ரோடு சுத்தமா இருக்கு. ஆனா ஒருத்தரையாவது வீட்டுக்குக் கூப்பிட்டு ஒரு வாய் சோறு போட்டேனா? போடாத ஊர்ல எனக்கு என்ன வேலை? ஒரே ஒரு ஞாயித்துக்கிழமை, நம்ம வீடு நிறைய ஆள் உக்காந்து சாப்பிடணும். சாப்பிட்டாங்கன்னா இருப்போம். இல்லன்னா மார்ச்சோட மூட்டையைக் கட்டுவோம்."

பிரபாகர் விவரமானவன். அடுத்த வாரமே சுவா சூ காங்கில் ஒரு முழு வீட்டைப் பிடித்துவிட்டான். எட்டாவது மாடி, பழைய வீடுதான், ஆனால் சமையலறையில் இரண்டு அடுப்பு, பெரிய ஜன்னல். வீட்டுக்காரர் சாவியைக் கொடுத்துவிட்டு, "குக்கிங்? அனிதிங் கேன் லா" என்று சொல்லிவிட்டுப் போனார். விசாலாட்சிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பால் காய்ச்சின கையோடு கோழி வறுத்து, ஒரு தட்டில் எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாள்.

கதவைத் திறந்தவர் லிம் ஆன்ட்டி. எழுபது வயது இருக்கும், தனியாக இருக்கிறார். கூடத்தில் ஒரு சாமி மாடம், அதில் சிவப்பு விளக்கு. தட்டைப் பார்த்ததும் ஆன்ட்டி இரண்டு கையையும் கூப்பிவிட்டார். அவர் புத்த மதம், முப்பது வருடமாகச் சைவம். இறைச்சி இல்லை, முட்டை இல்லை, வெங்காயம் பூண்டுகூடக் கிடையாதாம். விசாலாட்சி தட்டோடு திரும்பி வந்து, வெட்கத்தில் அந்தக் கோழியைத் தானே தின்று தீர்த்தாள். அதற்குப் பிறகு லிஃப்டில் பார்க்கும்போதெல்லாம் ஆன்ட்டி சிரிப்பார், இவள் தரையைப் பார்ப்பாள்.

போகட்டும். விருந்துக்கு யாரைக் கூப்பிடுவது? அதில் யோசிக்க ஒன்றுமே இல்லை. அவளுக்கு இந்த ஊரில் தெரிந்தது ஒரே ஒரு வீடு, மார்சிலிங்கில் இருக்கும் பாக்கியலட்சுமி அக்கா வீடு. தேக்கா மார்க்கெட்டில் ஒரே முருங்கைக்காய்க் கட்டில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கைவைத்து, நீ எடு நான் எடு என்று ஆரம்பித்த பழக்கம். அக்கா மூன்று தலைமுறையாக இங்கேயே இருக்கும் குடும்பம். புருஷன் கோவிந்தசாமி பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். தீபாவளிக்கு இவர்களைக் கூப்பிட்டு, தட்டு காலியாக விடாமல் போட்டுப் போட்டு, எழுந்திருக்க முடியாமல் செய்து அனுப்பினார்கள். அதற்கு ஈடாக ஒரு சாப்பாடு போடாமல் விசாலாட்சிக்குத் தூக்கமே சரியாக வரவில்லை.

பொங்கலுக்கு மறுநாள் போன் போட்டாள். "அக்கா, ஞாயித்துக்கிழமை மத்தியானம் நம்ம வீட்லதான். என்ன சமையல்னு கேக்காதீங்க. வயித்தைக் காலியா வச்சுக்கிட்டு வாங்க."

"வந்துடுறோம்லா. ஆனா நாங்க ரெண்டு பேர் மட்டும் இல்லம்மா, மக, மருமகன், பையன் அசோக்கு, அவன் கூட்டாளிங்க எல்லாம் ஒண்ணாத்தான் திரியுறாங்க. பதினஞ்சு பேரு ஆயிடும், பரவால்லையா?"

பரவாயில்லையாவா! விசாலாட்சி போனை வைத்துவிட்டுச் சோபாவில் ஏறிக் குதித்தாள். கல்யாணமான பெண், அதுவும் வாடகைச் சோபாவில். பிரபாகர் பார்த்தும் பாராதது போல் லேப்டாப்பைப் பார்த்தான்.

பதினைந்து பேர் என்றால் ஆம்பூர் பிரியாணிதான். வேறு பேச்சே இல்லை. சிராங்கூன் ரோட்டுப் பாத்திரக் கடையில் முழங்கால் உயர அலுமினிய தேக்சா ஒன்றை வாங்கி, எம்ஆர்டி ரயிலில் கொண்டுவந்தாள். சனிக்கிழமைக் கூட்டத்தில் தேக்சாவுக்கு ஓர் ஆள் இடம் தேவைப்பட்டது. ஒரு சீனப் பையன் எழுந்து அதற்கு இடம் கொடுத்தான் என்று அவள் சொல்கிறாள். நாம் நம்பி வைப்போம்.

அதற்கு முன்னால் தேக்காவில் ஹனீபா பாய் கறிக்கடை. வழக்கமாகச் சனிக்கிழமை அங்கே வரிசை படிக்கட்டு வரை நிற்கும். அன்றைக்கு ஈ காக்கை இல்லை. விசாலாட்சி தன் அதிர்ஷ்டத்தை மெச்சிக்கொண்டு, தொடை, நெஞ்செலும்பு என்று கேட்டுக் கேட்டு வாங்கினாள்.

"என்ன பாய், கூட்டமே இல்ல?"

"இந்த மாசம் இப்படித்தான் தங்கச்சி, காத்து வாங்கும்" என்றார் ஹனீபா, கத்தியைத் தீட்டிக்கொண்டே. ஏன் என்று அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இரண்டு பிடி எலும்பை இலவசமாக அள்ளிப் போட்டார். அந்த அன்பில் உருகி, "நாளைக்கு விருந்து பாய். நீங்களும் கடை முடிஞ்சதும் வீட்ல எல்லாரையும் கூட்டிக்கிட்டு வந்துடுங்க. உங்க கறிதான், பாத்திரமும் புதுசு" என்று விலாசத்தையும் போனில் அனுப்பிவிட்டாள். அவர், "அதுக்கென்ன, பாக்கலாம்" என்றார். கடைக்காரர்கள் எல்லாரும் சொல்கிற பாக்கலாம்தானே என்று அவள் அதை மறந்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை. கறி வெந்து, சீரகச் சம்பா கலந்து, தேக்சாவின் வாயை மைதா மாவால் ஒட்டி, மூடி மேல் தண்ணீர்ச் சட்டியைப் பாரமாக ஏற்றி, தம்மில் போட்டாயிற்று. புதினாவும் கறியும் பட்டையும் கலந்த வாசனை வீட்டை நிறைத்து, நடைபாதையில் இறங்கி, லிஃப்டையும் பிடித்துக்கொண்டது. விசாலாட்சி இடுப்பில் கை வைத்து நின்று மூச்சை இழுத்தாள். கத்தரிக்காய்த் தொக்குக்கு வாங்கின பிஞ்சுக் கத்தரிக்காய் மட்டும் இன்னும் பையில் இருந்தது. அப்போது போன் அடித்தது. பாக்கியலட்சுமி அக்கா.

"ஒரு மணிக்கு வந்துடுவோம்மா. கேக்கு வாங்கலாம்னு பாத்தேன், அப்புறம்தான் முட்டை இருக்குமேன்னு விட்டுட்டேன். பழம் வாங்கிட்டு வர்றேன் சரியா? அசோக்கு காவடி எடுக்குறான்ல, வீட்ல எல்லாரும் விரதம். அவன் கூட்டாளிங்களும் அவன்கூடத்தான் நடக்கப் போறாங்க, அவங்களும் விரதம். வேற யாரு வீடாச்சும்னா யோசிச்சிருப்பேன். நீ ஊர்ல இருந்து வந்த பொண்ணு, தைப்பூச மாசத்துல உன் வீட்ல சைவமாத்தான் இருக்கும்னு நம்பித்தான் கூட்டிக்கிட்டு வர்றேன்."

விசாலாட்சி, "வாங்கக்கா, வாங்க" என்றாள். போனை வைத்துவிட்டுப் பிரபாகரிடம் விஷயத்தைச் சொன்னாள்.

இதில் அவள் மேல் தப்பு ஒன்றும் இல்லை, சொல்லிவிடுகிறேன். ராணிப்பேட்டைப் பக்கம் முருகனுக்குக் காவடி என்றால் ஆடிக் கிருத்திகை. திருத்தணி மலைக்குச் சனம் திரண்டு போகும், வீட்டில் அடுப்பைக் கழுவிக் கோலம் போட்டு விரதம் இருப்பார்கள். தைப்பூசம் அவர்களுக்குக் காலண்டரில் வரும் நல்ல நாள்களில் ஒன்று, அவ்வளவுதான். அவள் சிங்கப்பூர் வந்து இறங்கியது போன தைப்பூசம் முடிந்த பிறகு. இந்த ஊரில் தை மாதம் பாதித் தமிழ்க் குடும்பங்கள் கறியைத் தொடாது என்று யார் சொன்னார்கள் அவளுக்கு? ஹனீபா பாய் கடை காற்று வாங்கிய ரகசியம் இப்போதுதான் புரிந்தது.

பிரபாகர் போனை எடுத்தான். "தேக்காவுல ஏதாச்சும் சைவ ஓட்டல்ல சொல்லிடலாம். ஒரு மணி நேரத்துல வந்துடும்."

"நம்ம வீட்டு முதல் பந்தி, கடைச் சாப்பாடா?" அவள் கரண்டியைக் கீழே போட்டாள். "இந்த வீட்ல எந்தப் பாத்திரத்தைத் தொட்டாலும் கறி. சுவத்துல கூடக் கறி வாசனை. காவடி எடுக்குற பிள்ளையை இங்க உக்கார வெப்பேனா? போதுங்க. திங்கக்கிழமை அவங்ககிட்ட வேணாம்னு சொல்லிடுங்க. நமக்கு இந்த ஊர் ஒத்து வரல."

சொல்லிவிட்டுச் சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிரபாகர் போனைக் கீழே வைத்தான். காற்றாவது வரட்டும் என்று போய் வாசல் கதவைத் திறந்தான். எதிரே லிம் ஆன்ட்டி வீட்டுக் கதவும் திறந்திருந்தது. மாடத்தில் சிவப்பு விளக்கு. ஆன்ட்டி அடுப்படியில் ஏதோ வதக்கும் சத்தம். அவன் அதைப் பார்த்தான், திரும்பி மனைவியைப் பார்த்தான். அவளும் அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முப்பது வருஷமா மீன்கூடப் படாத அடுப்பு" என்றாள் விசாலாட்சி மெதுவாக. அடுத்த நொடி எழுந்து நின்றாள். "ஏங்க, கீழ கடைக்கு ஓடுங்க! வாழைக்காய், பூசணி, பருப்பு, உளுந்து மாவு, தேங்கா, தயிர், வெல்லம், அரிசி! வெங்காயம் வேணாம்! பூண்டு வேணாம்! வாழை இலை கெடச்சா ஒரு கட்டு!"

அவன் செருப்பை மாட்டுவதற்குள் அவள் தலைக்குக் குளிக்கப் போய்விட்டாள். ஈரத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, பிஞ்சுக் கத்தரிக்காய்ப் பையோடு, எதிர்வீட்டு வாசலில் போய் நின்றாள். பத்து மாதத்தில் பழகிய இங்கிலீஷ் முழுவதையும் அங்கே கொட்டினாள். கோயில், பதினைந்து பேர், நோ மீட், என் வீடு ஆல் மட்டன், ஆன்ட்டி ப்ளீஸ். லிம் ஆன்ட்டிக்கு எவ்வளவு புரிந்ததோ, 'நோ மீட்' புரிந்தது, கலங்கிய கண்ணும் புரிந்தது. "ஐயோ! பிஃப்டீன்!" என்று கன்னத்தில் கை வைத்தவர், அடுப்பில் இருந்த தன் சாப்பாட்டை இறக்கி ஓரமாக வைத்துவிட்டு, பரண் மேலிருந்து இரண்டு பெரிய குவாலிச் சட்டிகளை இறக்கச் சொன்னார்.

வெங்காயம் இல்லாமல், பூண்டு இல்லாமல் பதினைந்து பேருக்கு விருந்து. பிரியாணிக்காரி பயந்திருக்க வேண்டும். பயப்படவில்லை, ஏனென்றால் சட்டியைக் கழுவும்போதே அவளுக்குப் பொறி தட்டிவிட்டது. இது ஆடிக் கிருத்திகைச் சமையல் அல்லவா! அம்மா வீட்டில் வருடம் தவறாமல் செய்தது. முருகன் ஒருவர்தான், மாதம்தான் வேறு. அதற்கப்புறம் கையைப் பிடிக்க முடியுமா? ஒரு பக்கம் பருப்பு வெந்தது, ஒரு பக்கம் வெல்லம் கரைந்தது. பூசணிக் கூட்டு, வாழைக்காய்ப் பொரியல், கத்தரிக்காய் போட்ட சாம்பார், மிளகு ரசம், உளுந்து வடை, சர்க்கரைப் பொங்கல். பிரபாகர் தேங்காய் துருவினான், விரலையும் கொஞ்சம் துருவிக்கொண்டான். ஆன்ட்டி வடையைத் தட்டப் பழகி, நடுவில் ஓட்டை போடும்போதெல்லாம் சின்னப் பிள்ளைபோல் சிரித்தார்.

ஒரே ஒரு முறைதான் விசாலாட்சிக்கு உயிர் போய் உயிர் வந்தது. திரும்பிப் பார்த்தால், ஆன்ட்டி இரண்டாவது குவாலியில் இஞ்சி போட்டு, செக்கச்செவேல் என்று ஆட்டுக்கறித் துண்டுகளைப் புரட்டிக்கொண்டிருக்கிறார்! "ஆன்ட்டி! நோ! மட்டன் நோ!" என்று பாய்ந்து கையைப் பிடித்தாள். ஆன்ட்டி பையை எடுத்துக் காட்டினார். காளான் காம்பில் செய்த சைவ மட்டன். கண்ணுக்கு அசல் கறி, வாயில் போட்டால் காளான். இப்படியும் ஒன்று உலகத்தில் உண்டு என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

லிஃப்ட் திறந்தது. முதலில் வந்தது கோவிந்தசாமி அண்ணனின் மூக்கு. "ஆகா! ஆம்பூர் தம்முலா இது!" என்றவர், பின்னால் வந்த மனைவி பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டார். பாக்கியலட்சுமி அக்கா நடைபாதையில் அப்படியே நின்றுவிட்டார். பின்னால் பழப்பையோடு அசோக், தாடி வளர்த்து, கழுத்தில் துளசி மாலை. அவனுக்குப் பின்னால் கூட்டாளிகள். எல்லார் மூக்கும் ஒரே பக்கம் திரும்பியிருந்தது.

விசாலாட்சி எதிர்வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தாள். ஏதாவது கதை கட்டலாமா என்று ஒரு கணம் தோன்றியதும் உண்மைதான். கட்ட வரவில்லை.

"அக்கா, அந்த வீட்டுக்கு வராதீங்க. அங்க பூரா பிரியாணி. எனக்குத் தைப்பூச விரதம் பத்தித் தெரியாதுக்கா, சத்தியமா தெரியாது. எங்க ஊர்ல ஆடிலதான் காவடி. நீங்க போன்ல சொன்னப்புறம் தலைக்குக் குளிச்சுட்டு, இந்த ஆன்ட்டி வீட்ல புதுசா சமைச்சிருக்கேன். சுத்த சைவம், வெங்காயம்கூட இல்ல. சாப்பிட்டா சாப்பிடுங்க. வேணாம்னா… நான் தப்பா நெனக்க மாட்டேன்."

அக்கா செருப்பைக் கழற்றினார். நேராக லிம் ஆன்ட்டி வீட்டுக்குள் போனார். மாடத்தைப் பார்த்துக் கும்பிட்டார். அடுப்படியை எட்டிப் பார்த்தார், நுரைத்துக்கொண்டிருந்த ரசத்தைப் பார்த்தார், விசாலாட்சியின் கூந்தலில் இன்னும் காயாத ஈரத்தைப் பார்த்தார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அடி பாவி! இவ்வளவையும் இப்பவா செஞ்ச? இலையைப் போடுடி!" என்றார். இதுவரை வாம்மா போம்மா என்றிருந்தவர் முதன்முதலாக டி போட்டது அப்போதுதான். அது விசாலாட்சிக்கு எவ்வளவு இனித்தது என்று சொல்லி முடியாது.

"மூக்குக்கு விரதம் கெடையாதுலா" என்று கோவிந்தசாமி அண்ணன் வாசலை ஒட்டிய இலையில், பிரியாணி வாசனை வருகிற பக்கமாகப் பார்த்து உட்கார்ந்தார்.

பந்தி நடந்தது. கூடம் கொள்ளாமல் அடுப்படி வரை இலை. சைவ மட்டனைப் பார்த்து யாருமே திடுக்கிடவில்லை. "ஐ, மோக் மட்டன்!" என்று அசோக்கின் கூட்டாளிகள் பாய்ந்தார்கள். அவர்களுக்கெல்லாம் அது விரதகாலத்துப் பழைய சிநேகிதம். அசோக் சர்க்கரைப் பொங்கலை மூன்று முறை கேட்டு வாங்கினான். அக்காவும் லிம் ஆன்ட்டியும் மலாயில் பேசிப் பேசி, யார் வீட்டு ரசம் எப்படி என்று முடிவே இல்லாமல் போய்க்கொண்டிருந்தார்கள். விசாலாட்சி வாளியும் கரண்டியுமாகக் குனிந்து நிமிர்ந்து பரிமாறினாள். சந்தோஷமாகத்தான் இருந்தாள். ஆனாலும் ஒவ்வொரு முறை நிமிரும்போதும் எதிரே திறந்து கிடக்கும் தன் காலி வீடு கண்ணில் பட்டது. ஆள் நிறைந்தது, ஆனால் தன் வீட்டில் இல்லையே. அந்தக் குறை மட்டும் சின்னதாக உறுத்தியது.

லிஃப்ட் மறுபடியும் திறந்தது. "தங்கச்சி! வாசனையைப் பிடிச்சுக்கிட்டே வந்துட்டோம், வீட்டு நம்பர்கூடத் தேவைப்படல!" ஹனீபா பாய். கூடவே அவர் மனைவி, கடைப் பங்காளி ரவூப், ரவூபின் மனைவி, இரண்டு வீட்டுப் பிள்ளைகளும். பாக்கலாம் என்றால் வந்துவிடுகிற மனிதர்களும் உண்டு என்பதை விசாலாட்சி எதிர்பார்க்கவில்லை.

"பாய்! விரத மாசம்னு ஒரு வார்த்தை சொன்னீங்களா நீங்க!"

"கடையில ஈ ஓட்டிக்கிட்டு நின்னேன். தேடி வந்த மகராசியைத் திருப்பி அனுப்புவேனா?" என்றார் ஹனீபா. எதிர்வீட்டுக்குள்ளிருந்து எல்லாரும் சிரித்தார்கள்.

விசாலாட்சி ஓடினாள். மாவு ஒட்டை உடைத்து மூடியைத் திறந்தாள். ஆவி கூரை வரை எழும்பியது. பிரபாகர் பாய் விரித்தான், தட்டு அடுக்கினான். இப்போது இரண்டு கதவும் அகலத் திறந்து, இந்தப் பக்கம் பிரியாணிப் பந்தி, அந்தப் பக்கம் சைவப் பந்தி, நடுவில் நடைபாதையில் பிள்ளைகள் வடையோடு ஓடிக்கொண்டிருந்தார்கள். ரவூப் அங்கிருந்து ரசம் கேட்டார். கோவிந்தசாமி அண்ணன் இங்கே பார்த்து எச்சில் விழுங்கினார்.

"தங்கச்சி, தைப்பூசம் முடிஞ்ச அடுத்த ஞாயிறு எங்களுக்கு இதே தம்மு. இப்பவே சொல்லிட்டேன்" என்றார் அவர்.

"கறியை நான் எடுத்து வெக்கிறேன்" என்றார் ஹனீபா, வாய் நிறைய.

"அது சரி. ஆடிக் கிருத்திகைக்கு எங்க வீட்ல விரதம்" என்றாள் விசாலாட்சி, இரண்டு வாசலுக்கும் நடுவில் நின்று, கரண்டியை ஆட்டிக்கொண்டே. "அன்னிக்கு எல்லாரும் எங்க வீட்ல சைவம் சாப்பிடணும். பாய், நீங்களும்தான். ஆன்ட்டி, யூ ஆல்சோ. வரலைன்னா யாருக்கும் பிரியாணி கெடையாது."

தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த பிரபாகரின் கை நின்றது. ஆடி பிறப்பதே ஜூலை நடுவில். ஒப்பந்தம் முடிவது மார்ச்சில்.

அவன் பக்கத்தில் வந்து, யாருக்கும் கேட்காமல், "ஆடிக்கு நாம இங்கயா இருப்போம்?" என்றான்.

விசாலாட்சி அவனை முட்டாளைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"பின்ன? ஊரையே சாப்பிடக் கூப்பிட்டுட்டு, யாராவது வீட்டைப் பூட்டிட்டுப் போவாங்களா? போங்க, அண்ணன் இலையில ரசம் தீந்துடுச்சு."